லாயமும் லயமும்



சில மாதங்களுக்கு முன்னர் என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டைப் பகுதியில் ஓர் இறப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் அரிச்சுவடி கற்றவர் அவர். இன்று கடல் கடந்து நல்ல நிலையில் வாழ்கின்றார். விடுமுறையில் குடும்பத்தோடு வயோமிங் என்னும் மேற்கு மாநிலத்திற்குச் சென்று, அங்கே ஒரு குதிரைப் பண்ணையில் மூன்று நாட்கள் தங்கிய வரலாற்றை அக்கடிதத்தில் விரித்துரைத்திருந்தார். முழு மரங்களை அடுக்கிக் கட்டிய வீடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த பண்ணையாட்கள். விடியற்காலையில் சேணம் பூட்டிய குதிரைமேல் ஏறி ஓடையைக் கடந்த இன்பம். இரவில் தீ மூட்டி அதனைச் சுற்றி அமர்ந்து உண்ட உணவு - இவற்றையெல்லாம் படிக்கையில் எனக்கே அங்குப் போய் வந்தது போன்ற உணர்வு உண்டாயிற்று.

கடிதத்தின் முடிவில் அவர் ஒரு வினாவும் எழுப்பியிருந்தார். "ஐயா, நம்முடைய சப்ரகமுவவிலும் இப்படி ஒரு குதிரைப் பண்ணை எக்காலத்திலாவது இருந்ததுண்டா? தோட்டத்துத் துரைமார் குதிரையில் சென்றார்கள் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும்" என்பது அவ்வினா.

எனக்குத்தான் தெரிந்திருக்கும் என்று அவர் எழுதியது பொருத்தமே. என் பாட்டனார் அப்பகுதித் தோட்டம் ஒன்றில் குதிரைக்காரராக இருந்தவர். எனினும் கேள்விச் செவியனாய்ப் பதில் எழுதுவதைவிட, ஒரு முறை நேரிற் சென்று கண்டு எழுதுவதே முறையென்று எண்ணினேன். அவ்வாறு யான் மேற்கொண்ட பயணத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அமெரிக்கர் தம் குதிரைப் பண்ணையை 'ராஞ்ச்' என்று அழைக்கின்றனர். அது 'ராஞ்சோ' என்னும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல், பலர் ஒன்றுகூடி உண்ணும் உணவையும், அவர்கள் தங்கும் எளிய குடிலையும் குறித்தது. அமெரிக்கக் கண்டத்தில் அக்காலத்தில் குதிரையே இருக்கவில்லை. 1493 ஆம் ஆண்டு கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கப்பலேற்றிக் கொண்டுபோன குதிரைகளே அங்கு மீண்டும் அவ்வினத்தைத் தோற்றுவித்தன. மந்தை மேய்த்தவர்கள் தங்கிய குடிலின் பெயர், நாளடைவில் அவர்கள் மேய்த்த விலங்குகளின் பண்ணைக்கு ஆகிவந்தது. மனிதர் தங்கிய இடத்தின் பெயர் விலங்கு வாழும் இடத்திற்குச் சென்றது என்பதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியே எனது பயணம் தொடங்கியது. சப்ரகமுவ மாகாணத்தின் எல்லைக்குள் புகுந்ததும் அம்பேபுஸ்ஸ என்னும் ஊர் வருகின்றது. 1828 ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு தங்குமடம் அமைந்துவிட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கும் கோபுரம், அவ்வீதியை அமைத்து 1829 இல் உயிர்நீத்த கப்டன் டோசன் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டதாகும். வீதி முடிந்ததும், 1832 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதன்முதலில் ஓடிய தபால் வண்டி அதுவே என்பர். எழுபத்திரண்டு மைல் தூரத்தையும் ஒரே குதிரை இழுக்க முடியுமா? இடையிடையே களைத்த குதிரைகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, இளைப்பாறிய குதிரைகளைப் பூட்டினர். ஆகவே, சப்ரகமுவவின் முதல் குதிரைக் கொட்டில்கள் தோட்டத்தில் தோன்றவில்லை, வீதியோரத்தில் தோன்றின.

கேகாலையைக் கடந்து மாவனெல்லைக்கு அருகே செல்கையில் உத்துவன்கந்தை மலை தெரிகின்றது. அவ்வழியே சென்ற வண்டிகளை மறித்துக் கொள்ளையிட்ட சரதியல் என்பான் அம்மலையையே தன் அரணாகக் கொண்டிருந்தான். செல்வரிடம் பறித்ததை ஏழைகளுக்கு ஈந்தான் என்று அவனைப் பற்றி மக்கள் இன்றும் கதை கூறுகின்றனர். 1864 ஆம் ஆண்டு அவன் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அதற்கு அடுத்த ஆண்டே அம்பேபுஸ்ஸ வரைக்கும் புகையிரதம் வந்துவிட்டது. 1867 இல் கண்டியை அடைந்தது. கொள்ளைக்காரன் போனபின் தபால் வண்டியும் போயிற்று. வீதியோரக் கொட்டில்கள் வெறுமையாயின. இன்று கேகாலை மாவட்டத்திற்கு வரும் வெளிநாட்டார், 1975 இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயத்தைக் காண வருகின்றனர். குதிரையைத் தேடி அங்கு எவரும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? குதிரை வளர்வதற்குச் சப்ரகமுவ ஏற்ற நிலமன்று என்பதே விடை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. குதிரையோ உலர்ந்த புல்வெளியில் ஓடித் திரிவதற்குப் பிறந்த விலங்கு. இடைவிடாத ஈரத்தில் நின்றால் அதன் குளம்பின் அடிப்பகுதி மென்மையாகி அழுகத் தொடங்கும், துர்நாற்றம் வீசும், நொண்டும். இதற்கு மேலாக அட்டையின் தொல்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் என்பவர், மலைப்பாதையில் அட்டை கடித்த குதிரைகள் வெறிகொண்டு தரையை உதைப்பதனைத் தம் நூலில் எழுதியிருக்கின்றார். தென்னாட்டுக் காலநிலை குதிரைக்கு ஒவ்வாது என்பது புதிய செய்தியுமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் கடல்வழியாக இறக்குமதியாவதையும், அவை நெடுநாள் வாழாமல் மடிவதையும் குறித்து வியந்து எழுதினார். அதற்கும் நெடுங்காலம் முன்பே, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. தமிழருக்குக் குதிரை என்றும் கடல் கடந்து வந்த விருந்தாளிதான்.

அவ்வாறிருந்தும் தோட்டத்துரைமார் குதிரையை விட்டாரில்லை. கோப்பிப் பயிர் 1869 இல் தோன்றிய இலைநோயினால் அழிந்தபின், தேயிலையும் இறப்பரும் மலைகளை மூடின. சப்ரகமுவ தனி மாகாணமாக அமைந்தது 1889 ஆம் ஆண்டில். களனிப் பள்ளத்தாக்கின் சிறு புகையிரதப் பாதை 1903 அளவில் யட்டியாந்தோட்டைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும், புகையிரத நிலையத்திலிருந்து பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து மலைக்கும் செல்வதற்குக் குதிரையையன்றி வேறு வழியில்லை. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை ஒரு காலை வேளையிற் சுற்றிவர வேண்டிய துரைக்கு நான்கு கால்கள் தேவைப்பட்டன. பெரும்பாலும் மட்டக்குதிரைகளே மலைப்பாதைக்கு ஏற்றவை. வசதி படைத்த துரைமார் ஆஸ்திரேலியக் குதிரைகளை வைத்திருந்தனர். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தமையால் அவற்றுக்கு 'வேலர்' என்பது பெயர்.

இனி என் பாட்டனாரைப் பற்றிக் கூறுகின்றேன். அவர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து, பதினைந்து வயதுச் சிறுவனாகக் கங்காணி ஒருவரின் கூட்டத்தோடு புறப்பட்டவர். தூத்துக்குடித் துறையில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார். ஊரில் ஒரு மிராசுதாரரின் வண்டிமாடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று கங்காணி சொல்லிவிட்டமையால், துரை அவரை லாயத்திற்கு அனுப்பிவிட்டார். அன்று முதல் அவருக்குக் குதிரைக்காரன் என்பதே பெயராயிற்று. அந்தக் குதிரையின் பெயர் 'பிரின்ஸ்'. அரசகுமாரன் என்பது அதன் பொருள் என்று பிற்காலத்தில் நான்தான் அவருக்குச் சொன்னேன். "அப்படியா, பொருத்தமான பேர்தான்" என்று சிரித்தார்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுவார். தொழிலாளருக்குப் பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்பே குதிரைக்குக் கொள்ளு அவித்து, ஆறவைத்து, தவிட்டோடு பிசைந்து வைக்கவேண்டும். உடலைத் தேய்த்து, குளம்பைத் தூக்கி ஒவ்வொன்றாக அழுக்கெடுத்து, வேப்பெண்ணெய் தடவவேண்டும். சேணம் பூட்டி, அங்கவடியின் நீளம் பார்த்து, பங்களா வாசலில் ஆறு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். துரை ஏறியபின்பும் வேலை முடியாது. துரை முன்னே குதிரையில் செல்வார். பாட்டனார் பின்னே ஓடுவார். மலையில் துரை இறங்கிப் பால் வெட்டும் வரிசைகளைப் பார்க்கும்போது கடிவாளத்தைப் பிடித்து நிற்பார். மீண்டும் ஏறினால் மீண்டும் ஓட்டம். "குதிரைமேல் அட்டை ஏறினால் நான் பிடுங்குவேன். என் காலில் ஏறினதைப் பிடுங்க நேரம் இருக்காது" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அதனை அவர் குறையாகச் சொல்லவில்லை. வேலையின் இயல்பு அது என்பதுபோற் சொன்னார்.

குதிரையிடம் அவருக்கிருந்த அன்பு உண்மையானது. ஒரு மழைக்காலத்தில் அதன் வலக்கால் குளம்பு புண்ணாகிவிட்டது. உலர்ந்த இடத்தில் நிற்பாட்ட வேண்டுமென்று துரை கட்டளையிட்டார். பாட்டனார் பத்து இரவுகள் லாயத்திலேயே படுத்து, அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தரையிற் பரப்பி, நனைய நனைய மாற்றினார். குதிரை பிழைத்தது. அதே மழைக்காலத்தில், அவருடைய லயத்துக் காம்பிராவில் மழைநீர் ஒழுகிய மூலையில் படுத்திருந்த அவருடைய தலைப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோயிற்று. இவ்விரண்டு செய்திகளையும் பாட்டனார் ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை. குதிரையின் கதையை அவர் சொல்வார். பிள்ளையின் கதையை என் பாட்டியார் சொல்வார். இரண்டும் ஒரே மழைக்காலம் என்பதனை வளர்ந்தபின் நானே கணக்கிட்டு அறிந்தேன்.

1920 களில் துரை மோட்டார் வண்டி வாங்கினார். குதிரை விற்கப்பட்டது. அதனைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல வந்தவனிடம் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பாட்டனார் பெரட்டுக்களத்தில் நின்றார். அவருக்குக் கான் வெட்டும் வேலை கொடுக்கப்பட்டது. இறக்கும் வரையில் அவர் பெயர் குதிரைக்காரன் என்றே இருந்தது, குதிரைதான் இல்லை.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு குதிரை உண்டு என்பதை இங்கே கூறாமல் விடலாகாது. கோயிலடியில் மதுரைவீரனுக்கு வெள்ளைக் குதிரை. திருவிழாவில் பொய்க்கால் குதிரையாட்டம். துரையின் குதிரையை நெருங்கினால் அடி விழும் என்று அஞ்சிய பிள்ளைகள், சாமியின் குதிரைமேல் ஏறி விளையாடினர். பூசாரி விரட்டியது வேறு கதை.

நேயர்களே, இந்தக் குதிரை கட்டப்பட்டிருந்த லாயத்தைத்தான் நான் தேடிச் சென்றேன். தோட்டத்தின் பெயரைக் கூறாது விடுகின்றேன். யட்டியாந்தோட்டையிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் செல்லும் ஒரு தோட்டம் என்று மாத்திரம் கொள்க. பங்களாவுக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் நடுவே, மேட்டு நிலத்தில் அது இன்னும் நிற்கின்றது. கருங்கற் சுவர், நீர் வடிவதற்காகச் சரித்துப் பாவிய செங்கல் தரை, ஓரத்தில் வாய்க்கால், காற்று வருவதற்குச் சுவரின் மேற்பகுதியில் இரும்புக் கம்பியிட்ட சாளரங்கள். குதிரை கட்டிய இரும்பு வளையங்கள்கூடச் சுவரில் இருக்கின்றன. நூறாண்டு கடந்தும் உறுதி குலையாத கட்டடம். அதனைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. பாட்டனார் கை பட்ட வளையம் அல்லவா?

ஆனால், அவ்வளையத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தது. அதில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லயம் தீப்பற்றி எரிந்தபோது, வீடிழந்தோரைத் தற்காலிகமாக இங்கே குடியமர்த்தினார்களாம். லாயத்தைத் தகரத்தால் நான்காகத் தடுத்து நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்தனர். தற்காலிகம் என்ற சொல் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இங்கே இரு சொற்களைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். குதிரை கட்டும் இடம் லாயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு லயம். பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பதை அறிவேன். முன்னதோடு அதற்குப் பிறப்புறவு இல்லை. ஆயினும், எழுதிப் பார்த்தால் ஒரு துணைக்காலே வேறுபாடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால், நான் சிவப்பு மையால் திருத்துவேன். திருத்தும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கும்.

ஏனெனில், லயத்துக் காம்பிரா பத்து அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்டது என்பது வழக்கமான கணக்கு. ஒரு காம்பிரா, முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. அவ்வளவில் ஒரு குடும்பம். சில இடங்களில் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய இரட்டை லயங்களும் உண்டு. அவற்றில் பின்பக்கச் சாளரத்திற்கே இடமில்லை. குதிரை வளர்ப்புப் பற்றிய நூல்களைப் புரட்டினால், வளர்ந்த குதிரை ஒன்று வசதியாக நிற்கவும் படுக்கவும் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி இடம் வேண்டுமென்று எழுதியிருக்கின்றது. இதற்கு மேல் நான் ஒன்றும் கூறவேண்டியதில்லை.

அந்த லாயத்தின் கடைசித் தடுப்பில் வாழும் மூதாட்டி ஒருவர் எனக்குத் தேநீர் தந்து உபசரித்தார். பால் வெட்டி ஓய்வு பெற்றவர். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். "அம்மா, இது சாதாரணக் கட்டடம் அன்று. இது போன்ற லாயம் இப்பகுதியில் வேறெங்கும் எஞ்சியிருக்கும் என்று தோன்றவில்லை. இதனைப் பழுதுபார்த்து, நம் மக்களின் வரலாற்றைக் காட்டும் நினைவிடமாக வைக்கவேண்டும் என்று மேலிடத்திற்கு எழுதப் போகின்றேன்" என்றேன். என் குரலில் சிறிது பெருமிதமும் இருந்திருக்கலாம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "வாத்தியாரையா, எழுதுறதுன்னா ஒண்ணு எழுதுங்க. இத இடிச்சுப் போட்டு எங்களுக்கு வீடு கட்டித் தரச் சொல்லி எழுதுங்க. கல்லு நல்ல கல்லு. அத்திவாரத்துக்கு ஆகும்" என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. என் பாட்டனாரின் வளையத்தை நான் பார்த்தேன். அவர் தம் பேரப்பிள்ளைகள் படுக்கும் தரையைப் பார்த்தார். நீர் வடிவதற்காகச் சரித்த தரை குதிரைக்கு நல்லது. பாய் விரித்துப் படுக்கும் பிள்ளை இரவெல்லாம் உருண்டு வாய்க்கால் பக்கம் வந்துவிடுகிறதாம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அங்கிருந்து திரும்பிய சில வாரங்களில் வடக்கே செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் மலையகத்திலிருந்தும் சப்ரகமுவவிலிருந்தும் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. என் தமக்கையார் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அவரைக் காணச் சென்ற நான், குதிரையின் நினைவு நீங்காமையால் நெடுந்தீவு வரையிலும் சென்றேன். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். இலங்கையில் குதிரைகள் கட்டின்றித் திரிவதைக் காணவேண்டுமானால் அங்கேதான் காணவேண்டும்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அத்தீவிற் குதிரைகளை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் இராணுவ அதிகாரி அங்கே குதிரைப் பண்ணையை நடத்தினார். பவளக்கல்லால் ஆன லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லை. ஆட்சிகள் போயின, பண்ணை கலைந்தது, குதிரைகள் நின்றன. மழை குறைந்த, கல்லும் புல்லுமான வெட்டவெளி அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. பழுப்பும் வெண்மையுமாய், உயரம் குறைந்த அக்குதிரைகள் குடும்பம் குடும்பமாக மேய்கின்றன. சேணமும் இல்லை, லாடமும் இல்லை. 2015 ஆம் ஆண்டு அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், கடும் வரட்சிக் காலங்களில் நீரின்றிக் குதிரைகள் மடிவதுண்டு.

வழித்துணையாக வந்த நெடுந்தீவுப் பெரியவரிடம், "இவற்றுக்கு உரிமையாளர் யார்?" என்று கேட்டேன். "உதுகள் ஒருத்தருக்கும் சொந்தமில்லை ஐயா. ஆனால், கோடை வந்தால் தண்ணி வைக்கிறது எங்கடை பொறுப்பு" என்றார். அப்பதில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. சொந்தமில்லாத உயிருக்கும் நீர் வைக்கும் பொறுப்பை ஏற்கும் மனிதர் ஒரு பக்கம். நூறாண்டுகள் உழைத்த மக்களுக்கு உறுதியான தரை கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று தெரியாத நிலை மறுபக்கம்.

இதனைக் குறைகூறும் நோக்கோடு மாத்திரம் சொல்லவில்லை. காலம் மாறாமலும் இல்லை. பாட்டனாரும், துரையும், குதிரையும் மூவருமே கடல் கடந்து வந்தவர்கள். நான் பிறந்த 1948 ஆம் ஆண்டிலே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் எங்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைப் பங்கு பிரித்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைத்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள், இந்திய அரசின் உதவியோடும் பிறவாறும், தோட்டப் பகுதிகளில் நடைபெற்று வருகின்றன. அவ்வாறு கட்டிய வீடுகளையும் நான் பார்த்தேன். வாசலில் செவ்வந்தி வைத்திருக்கின்றார்கள். காணியில் ஒரு மரம் நடும் உரிமை என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும், லயங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுட் பல செங்குத்தான சரிவுகளில் நிற்கின்றன. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்ட அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்தது. மக்கள் உயிரிழந்தனர். துரையின் குதிரைக்கு மேட்டில், நீர் வடியும் இடம் பார்த்துக் கட்டினார்கள். மனிதருக்கு எஞ்சிய சரிவிற் கட்டினார்கள். அன்று செய்த இடத்தேர்வின் விலையை இன்றைய மழை கேட்கின்றது. சிங்களக் கிராமமாயினும் தமிழர் லயமாயினும் மண்சரிவு வேறுபாடு பார்ப்பதில்லை என்பதையும் அந்நாள் காட்டியது. இறந்தோரைத் தோண்டி எடுத்தவர்களும் அவ்வேறுபாடு பார்க்கவில்லை.

இனி, என் மாணவருக்கு எழுதிய பதிலைச் சொல்லி முடிக்கின்றேன். அவருக்கு நான் இவ்வாறு எழுதினேன்: "தம்பி, நம் சப்ரகமுவவில் நீ கண்டது போன்ற குதிரைப் பண்ணை இருந்ததில்லை. மழையும் மலையும் அதற்கு இடம் தரவில்லை. லாயங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை நான் கண்டேன். நீ சென்ற நாட்டில், மனிதர் தங்கிய குடிலின் பெயர் விலங்கின் பண்ணைக்கு ஆயிற்று. நம் நாட்டில், விலங்கைக் கட்டிய இடம் மனிதரின் வீடாயிற்று. உன் பிள்ளைகளை ஒரு முறை இங்கே அழைத்து வா. குதிரை ஏறிப் பழகியவர்கள் அல்லவா, பின்னால் ஓடிய மனிதரின் கதையையும் அவர்கள் கேட்கட்டும்."

நான் எழுதுவதாகச் சொன்ன மற்றொரு கடிதமும் உண்டு. நினைவிடம் வேண்டுமென்று தொடங்கிய அக்கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மூதாட்டியின் வேண்டுகோளையே, அவர் சொன்ன முறையில், நான்கு குடும்பங்களின் பெயர்களோடு உரிய இடத்திற்கு எழுதி அனுப்பினேன். அவர்களுக்கு வீடு கிடைத்த பின்னர் அந்த லாயம் நின்றால் நிற்கட்டும். அப்பொழுது அதனை நினைவிடமாக்கலாம். அதன் கல் அவர்களுடைய வீட்டுக்கு அத்திவாரமாகப் போகுமாயின், போகட்டும். என் பாட்டனார் அதனைத் தடுக்கமாட்டார். பத்து இரவுகள் சாம்பல் பரப்பிக் காத்த தரையில் ஒரு பிள்ளை உலர்ந்து உறங்குவதையே அவரும் விரும்பியிருப்பார்.

ஒன்று மாத்திரம் அவ்வம்மையாரிடம் கேட்டிருக்கின்றேன். இடிக்கும் நாளில், சுவரிலுள்ள அந்த இரும்பு வளையத்தை எனக்காக எடுத்து வைக்கவேண்டும் என்று. "கொடிக்கயிறு கட்ட வேற இடம் கெடச்சா தாறேன்" என்று சொல்லியிருக்கின்றார்.